கடிதத்தில் இல்லாத பெயர்

பூந்தமல்லி கோர்ட் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ராஜீவ் காந்தி கொலை வழக்குதான் நினைவுக்கு வரும். 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்த தடா நீதிமன்றம் இங்கேதான் இருந்தது. தினமும் இங்கே வக்காலத்து போடுகிற எங்களுக்கோ இது ஜீவனாம்சம், செக் மோசடி, பாகப்பிரிவினை, வாடகைத் தகராறு நடக்கும் கோர்ட். 25 வருடப் பிராக்டிஸில் எத்தனையோ கட்டுகள் என் அலமாரியில் சேர்ந்துவிட்டன. ஆனால் அடிக்கடி எடுத்துப் பார்க்கத் தோன்றுவது, கோர்ட் படியே ஏறாத ஒரு மெல்லிய கட்டைத்தான். அதில் மொத்தம் 11 காகிதங்கள்.

ஒரு நாள் சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். மாடிப்படிக்குக் கீழே மூன்று பேர் வெகுநேரமாக நிற்பதாகக் குமாஸ்தா சொன்னார். கூப்பிட்ட பிறகுதான் மேலே வந்தார்கள். நாற்பது வயதில் ஓர் ஆண், அவருடைய அம்மா, பள்ளிச் சீருடையில் ஒரு பெண் குழந்தை. அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அந்த அம்மாவின் தோளில் பாசிமணிப் பை. திருவேற்காடு கருமாரியம்மன் கோயில் வாசலில் கடை விரிக்கிறவர் என்று பிறகு தெரிந்தது.

அவர்கள் உள்ளே நுழைந்தபோது, மேஜை மேல் கிடந்த என் செல்போனை எடுத்து டிராயருக்குள் வைத்தேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகவே செய்தது. டிராயரை மூடிவிட்டு நிமிர்ந்தால், அந்தக் குழந்தை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

வந்த காரணத்தைச் சொல்லக் கேட்டபோதுதான், நான் செய்தது என்னவென்று எனக்கே உறைத்தது.

ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஆவடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி. விவகாரம் சமாதானமாக முடிந்ததாலும் குழந்தையின் அடையாளம் வெளியே வரக் கூடாது என்பதாலும் பள்ளியின் பெயர் வேண்டாம். சுற்றுலாவுக்குக் கட்ட ஒரு மாணவி கொண்டுவந்த 1,500 ரூபாய் மதியத்துக்குப் பிறகு காணவில்லை. வகுப்பில் 42 பேர். வகுப்பு ஆசிரியை திறந்து பார்த்தது ஒரே ஒரு பையை. அதில் ஒன்றும் இல்லை. பிறகு ஆசிரியர் அறைக்கு அழைத்துப் போய்ச் சீருடைப் பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். அதிலும் இல்லை. “யாருகிட்ட குடுத்தனுப்பினே?” என்று கேட்டிருக்கிறார். அன்று மதியம் பாட்டி கேட்டுக்கு வந்து சாப்பாடு கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்தப் பாட்டியே சந்தேகத்துக்கு ஆதாரமாகிவிட்டார். நான்கு நாள் வராந்தாவில் உட்காரவைத்து, ஐந்தாம் நாள் அப்பாவிடம் ஒரு கடிதம் கொடுத்தார்கள்.

“என் பையை மட்டும்தான் பாத்தாங்க மேடம். எல்லார் பையையும் பாத்திருந்தா நானே தொறந்து குடுத்திருப்பேன்” என்றாள் குழந்தை. அந்தச் சந்திப்பில் அவள் பேசியது அவ்வளவுதான்.

கடிதத்தைப் படித்தேன். 14 வரி. பள்ளியின் நற்பெயர் கருதி மாற்றுச் சான்றிதழ் பெற்றுக்கொண்டு வேறு பள்ளியில் சேர்க்குமாறு அறிவுறுத்தியிருந்தார்கள். மறுத்தால் போலீஸில் புகார் செய்ய நேரிடும் என்றும் இருந்தது. இன்னொரு முறை படித்தேன். ‘நரிக்குறவர் மாணவி’ என்ற சொல் நான்கு இடத்தில் வருகிறது. அவள் பெயர் ஓர் இடத்திலும் இல்லை.

கோர்ட்டில் சாட்சி இல்லாமல் ஒரு வரி நகராது. சந்தேகம் எவ்வளவு பலமானதாக இருந்தாலும் அது நிரூபணம் ஆகாது என்பது சட்டக் கல்லூரியில் முதல் வருடமே மண்டையில் ஏற்றப்படும் பாடம். இந்தக் கடிதத்தில் சாட்சி இல்லை, பொருள் கைப்பற்றப்படவில்லை, குற்றம் சாட்டப்பட்டவரை யாரும் கேட்கவும் இல்லை. ஆனாலும் தீர்ப்பு இருந்தது. அந்தத் தீர்ப்பு அவள் பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முன்பே எழுதிவைக்கப்பட்டது. பிரிட்டிஷ் அரசு 1871இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சமூகத்தில் பிறந்தாலே குற்றவாளி, கைரேகை கொடு, போலீஸில் ஆஜராகு என்று சொன்ன சட்டம் அது. சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுக்க 1952இலும் ரத்தானது. சட்டப் புத்தகத்திலிருந்து போன அந்த எண்ணம், ஊர் ஊராகச் சுற்றிப் பிழைக்கிற மக்களைப் பார்க்கும் நம் கண்ணிலிருந்து போகவில்லை. என் டிராயரே அதற்குச் சாட்சி.

எந்தச் சட்டத்தில் வழக்குப் போடலாம் என்று அன்றிரவு புத்தகங்களைப் புரட்டினேன். முதலில் கை போனது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு. அது பட்டியல் சாதியினருக்கும் பட்டியல் பழங்குடியினருக்கும்தான் பொருந்தும். நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று லோகூர் குழு 1965லேயே பரிந்துரைத்தது. அந்தக் குழந்தை என் ஆபீஸுக்கு வந்த நாளில் அரை நூற்றாண்டு கடந்தும் அந்தப் பரிந்துரை நிறைவேறாமல், அவர்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே இருந்தார்கள். அந்தக் கதவு மூடியிருந்தது.

அடுத்தது கல்வி உரிமைச் சட்டம், 2009. தொடக்கக் கல்வி, அதாவது எட்டாம் வகுப்பு, முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது பிரிவு 16. உடலை வருத்தும் தண்டனையும் மனத்தை வருத்தும் துன்புறுத்தலும் கூடாது என்கிறது பிரிவு 17. பயமோ பதற்றமோ இல்லாமல் குழந்தை படிக்க வேண்டும் என்று பிரிவு 29 சொல்கிறது. மீறினால் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் விசாரிக்கலாம். இளைஞர் நீதிச் சட்டம், 2015இன் பிரிவு 75 இன்னும் கடுமையானது. குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதற்கு மனவேதனை தரும்படி நடந்தால் சிறைத் தண்டனை வரைக்கும் போகலாம்.

மறுநாள் அப்பாவை வரச் சொல்லி இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“கேஸ் போட்டா டீச்சரம்மா வேலை போயிடுங்களா வக்கீலம்மா?”

“போகலாம்.”

“அது வேணாங்க. அவங்களுக்கும் புள்ளைங்க இருக்கும். பாப்பா அதே கிளாஸ்ல, அதே பெஞ்சுல உக்காரணும். பக்கத்துல யாராச்சும் உக்காரணும். அது போதும்.”

பாப்பா அதே பெஞ்சில் உட்கார வேண்டும் என்பதற்குச் சட்டத்தில் பிரிவு இருக்கிறது. பக்கத்தில் யாராவது உட்கார வேண்டும் என்பதற்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு கிடையாது. அந்த மனிதர் கேட்ட நிவாரணத்தில் பாதியைத்தான் என்னால் வாங்கித்தர முடியும் என்று அன்றே புரிந்தது. மீதிப் பாதிக்கு என்ன செய்வது என்பதுதான் இந்த வழக்கு எனக்கு வைத்த கேள்வி.

பள்ளிக்கு நோட்டீஸ் அனுப்பினேன். ஒரு நகல் கல்வித் துறைக்கு, ஒரு நகல் ஆணையத்துக்கு. அந்த நோட்டீஸில் குழந்தையின் பெயரை ஆறு இடத்தில் எழுதினேன். பத்து நாளில் விசாரணைத் தேதி வந்தது. கல்வி அலுவலர் ஒருவர் முன்னிலையில், பள்ளித் தலைமையாசிரியர் அறையில்.

அறைக்குள் போனதும் சுவரில் வரிசையாக ஆண்டு விழாப் படங்கள். மாறுவேடப் போட்டியில் பரிசு வாங்கிய குழந்தைகள். பாரதியார், ஜான்சி ராணி, டிராஃபிக் போலீஸ். அவற்றோடு, கழுத்து நிறையப் பாசிமாலை, கையில் டப்பா, முகத்தில் கரி பூசிய ஒரு சின்னப் பெண். படத்துக்குக் கீழே ‘நரிக்குறத்தி, முதல் பரிசு’ என்று எழுதியிருந்தது.

அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்த குழந்தை என் காதருகே வந்து, “அந்த மாலை எங்க ஆயாகிட்ட வாடகைக்கு வாங்கினது மேடம்” என்றாள்.

என்னால் சிறிது நேரம் எதுவும் பேச முடியவில்லை. பாட்டியின் மாலையை வாங்கிப் போட்டு மேடையில் ஏறிய பிள்ளைக்கு முதல் பரிசு. அதே பாட்டி சாப்பாட்டுக் கூடையோடு கேட்டுக்கு வந்தால் திருட்டுக்கு உடந்தை. படம் எடுத்தவருக்கோ பரிசு கொடுத்தவருக்கோ கெட்ட எண்ணம் இருந்திருக்காது. சினிமாவில் எத்தனை ஆண்டுகளாகப் பார்த்த வேடம் அது. குறவர்கள் வேறு, நரிக்குறவர்கள் வேறு, இரண்டும் தனித்தனிச் சமூகங்கள் என்பதுகூட அந்த வேடம் போட்டவர்களுக்கும் கைதட்டியவர்களுக்கும் தெரிந்திருக்காது. ஆனால் பிள்ளைகளின் தலைக்குள் போவது அந்த வேடம்தான். வகுப்பில் அவளைக் கண்டதும் “சாமியோவ்” என்று குரல் கொடுத்தவர்கள் அதை வீட்டில் கற்கவில்லை, மேடையிலும் திரையிலும் கற்றார்கள்.

விசாரணையில் தலைமையாசிரியர் பணிவாகத்தான் பேசினார். கடிதம் அவசரத்தில் எழுதப்பட்டது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் குழந்தை மேல் இன்னொரு புகாரும் சேர்ந்தது. கழுத்தில் ஒரு மெல்லிய பாசிச் சரடு போட்டுக்கொண்டு வருகிறாள், பல முறை சொல்லியும் கழற்றவில்லை, இவளுக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள் என்றார். அது பாட்டி கோத்துக் கொடுத்த சரடு. மற்றப் பிள்ளைகள் கையில் திருப்பதிக் கயிறும் கழுத்தில் சிலுவையும் தாயத்தும் இருந்தன. அவை யார் கண்ணிலும் படவில்லை.

அப்போது எனக்கு டர்பன் வழக்கு நினைவுக்கு வந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு பெண்கள் பள்ளி. அங்கே படித்த தமிழ் வம்சாவளி மாணவி ஒருத்தி 2004இல் விடுமுறையில் மூக்குக் குத்திக்கொண்டு வந்தாள். நகைக்கு அனுமதியில்லை, கழற்று என்றது பள்ளி. தென்னிந்தியாவிலிருந்து வந்த தங்கள் குடும்பத்தில் பெண் பருவமடைந்தால் மூக்குத்தி போடுவது வழக்கம், பதினாறாவது பிறந்தநாளில் பாட்டி தன் கையால் வைர மூக்குத்தி மாற்றிவிடுவார் என்று விளக்கினார் அம்மா. பள்ளி கேட்கவில்லை. சமத்துவ நீதிமன்றத்தில் தோற்று, உயர் நீதிமன்றத்தில் வென்று, கடைசியில் நாட்டின் அரசமைப்பு நீதிமன்றம் வரை போனது ‘பிள்ளை வழக்கு’. 2007 அக்டோபர் 5 அன்று தலைமை நீதிபதி பயஸ் லங்கா தீர்ப்பளித்தார். மதம் கட்டாயமாக்கியதற்கு மட்டும் பாதுகாப்பு என்பதில்லை, ஒருவர் தன் அடையாளமாக விரும்பி ஏற்கும் பண்பாட்டுப் பழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்றார். ஒருத்திக்கு விட்டால் எல்லோரும் கேட்பார்களே என்ற வாதத்துக்கும் பதில் இருந்தது. மற்றப் பிள்ளைகளும் தங்கள் பண்பாட்டோடு வெளியே வந்தால் அது அஞ்ச வேண்டியதில்லை, கொண்டாட வேண்டியது என்பதே அந்தப் பதிலின் சாரம். பள்ளி தன் விதிகளைத் திருத்த வேண்டும் என்றும் உத்தரவிட்டார். தீர்ப்பு வந்தபோது அந்தப் பெண் படிப்பை முடித்துப் பள்ளியை விட்டே போயிருந்தாள்.

வெளிநாட்டுத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது என்பது எனக்குத் தெரியும். அதனால் நம் உச்ச நீதிமன்றத்தின் 1986ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் சொன்னேன். கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாட மட்டும் மாட்டார்கள். அதற்காகப் பள்ளியை விட்டு நீக்கப்பட்டார்கள். அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்ன நீதிபதி சின்னப்ப ரெட்டி, நம் மரபும் தத்துவமும் அரசமைப்பும் சகிப்பைத்தான் சொல்லித்தருகின்றன, அதை நீர்த்துப்போக விட வேண்டாம் என்ற பொருளில் முடித்திருப்பார்.

தலைமையாசிரியர் தெற்கத்தி ஊர்க்காரர், மூக்குத்தி அணிந்தவர். நான் சொல்லி முடித்ததும் அவர் கை மூக்குத்தியைத் தொட்டுவிட்டு இறங்கியது. “சரடு இருக்கட்டும்” என்றார்.

சமாதானப் பத்திரம் எழுத உட்கார்ந்தோம். கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்பது முதல் நிபந்தனை. பின்னாளில் எப்போது மாற்றுச் சான்றிதழ் வாங்கினாலும் ‘நடத்தை’ என்ற கட்டத்தில் ‘நல்லது’ என்றே இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டே பிள்ளைகளின் படிப்பை முடித்துவைக்க முடியும் என்று அனுபவத்தில் பார்த்திருக்கிறேன். ஏதாவது தொலைந்தால் ஒரு பிள்ளையை மட்டும் தனியாகச் சோதிக்கக் கூடாது என்பது மூன்றாவது. மூன்றையும் உடனே ஏற்றுக்கொண்டார்கள்.

நான்காவதில்தான் நேரம் போனது. அப்பா கேட்ட இரண்டாவது வாக்கியம் அதில் இருந்தது. பள்ளித் தரப்பு நல்ல மனதோடு ஒரு யோசனை சொன்னது. ‘பாரம்பரிய விழா’ ஒன்று நடத்தலாம், இந்தக் குடும்பத்தை அழைத்துப் பொன்னாடை போர்த்தலாம், அவர்களுடைய ஆட்டம் பாட்டு எல்லாம் மேடையில் வைக்கலாம் என்றார்கள். அப்பா தயங்கினார். எனக்கும் மனம் ஒப்பவில்லை. ஒரு குடும்பத்தை மட்டும் மேடையேற்றி மற்றவர்கள் கீழே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தால், சுவரில் இருக்கும் அந்தப் படத்துக்கு உயிர் கொடுத்த மாதிரிதான் ஆகும்.

அந்தப் பள்ளியின் சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர் மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். அவர்தான் வழி சொன்னார். “வாரத்துக்கு ஒரு பீரியட் எனக்குக் குடுங்க. 42 பேரும் ஒவ்வொருத்தரா அவங்கவங்க வீட்டைப் பத்திச் சொல்லட்டும். என்ன பாஷை, என்ன சமையல், தாத்தா பாட்டி என்ன வேலை பார்த்தாங்க. வீட்டுப் பெரியவங்க யாராவது ஒருத்தர் கூட வரலாம். இவ முதல்ல வர வேணாம், கடைசியிலயும் வர வேணாம். நடுவுல வரட்டும்.” கேள்வி கேட்க ஒரு விதியும் அவரே வைத்தார். எந்தக் கேள்வியும் ‘நீங்க எல்லாரும்’ என்று ஆரம்பிக்கக் கூடாது, ‘உங்க வீட்டுல’ என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். பத்திரத்தில் அந்த விதியை அப்படியே எழுதினேன். நான் எழுதிய ஒப்பந்தங்களிலேயே மிக நல்ல ஷரத்து அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆவடி எப்படிப்பட்ட ஊர் என்பது அந்த வகுப்பு தொடங்கியபோதுதான் அந்தப் பிள்ளைகளுக்கே தெரிந்தது. 1961இல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலை, ராணுவ உடைத் தொழிற்சாலை, சி.ஆர்.பி.எஃப்., விமானப்படை என்று நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் குடும்பங்கள் வந்து இறங்கிய ஊர் இது. பக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறைக்கும் பிரஸ் ஷாப்புக்கும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அந்த 42 பேரில் ஐந்து தாய்மொழிகள் இருந்தன. தன் வீட்டில் பேசுவது தெலுங்கு என்று ஒரு பையன் அதுவரை வகுப்பில் யாரிடமும் சொன்னதில்லை. ஒடிசாக் குழந்தை ஒருத்தி பழைய சோற்றில் தயிர் ஊற்றிக் கறிவேப்பிலை தாளித்த ‘பகாளா’வைத் தூக்கில் கொண்டுவந்தபோது, “இது எங்க வீட்டுப் பழையது” என்று வகுப்பே கத்தியதாம்.

ஏழாவது வாரம் எங்கள் குழந்தையின் முறை. தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிக் கடைசி பெஞ்சில் நானும் உட்கார்ந்தேன். பாட்டி நாற்காலியில் உட்கார மறுத்துத் தரையில் பாயை விரித்தார். பிள்ளைகளும் பெஞ்சை விட்டு இறங்கிச் சுற்றி உட்கார்ந்தார்கள். பையைப் பிரித்தார். நைலான் நரம்பு, குட்டிக் குறடு, செப்புக் கம்பி, டப்பா டப்பாவாகப் பாசி. இடது கை ஆட்காட்டி விரலில் நரம்பைச் சுற்றிக்கொண்டு, வலது கையால் பாசிக் குவியலுக்குள் நரம்பின் நுனியைச் செலுத்தி இழுத்தார். ஒரே இழுப்பில் ஏழெட்டு மணி ஏறியிருந்தது. எண்ணிப் பார்க்காமலே 108இல் நிறுத்தி முடிச்சுப் போட்டார். ஒரு பையன் எண்ணிப் பார்த்தான். சரியாக 108.

பேத்தி தன் மொழியைப் பற்றிச் சொன்னாள். வாக்ரிபோலி என்று பெயர், எழுத்து கிடையாது, வீட்டில் மட்டும் பேசுவோம் என்றாள். ஒன்று முதல் பத்துவரை அதில் எண்ணிக் காட்டினாள். ‘ஏக்’ என்று ஆரம்பித்ததுமே, சி.ஆர்.பி.எஃப். வீரர் ஒருவரின் மகளான பீகார்ப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். “மிஸ், இது எங்க வீட்டு நம்பர் மாதிரியே இருக்கு!” ஆசிரியர் இந்திய வரைபடத்தை எடுத்துவந்து மாட்டினார். வாக்ரிபோலி குஜராத்திக்கு உறவான மொழி. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1970இலேயே சீனிவாச வர்மா என்ற அறிஞர் அதைப் பற்றி எழுதிய நூலை வெளியிட்டிருக்கிறது. மேற்கு இந்தியாவிலிருந்து கால்நடையாகத் தெற்கே வந்த மக்கள், தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூடமோ எழுத்தோ இல்லாமல் ஒரு மொழியை வாய்வழியாகவே காப்பாற்றி வந்திருக்கிறார்கள். அதே வகுப்பில் அந்தக் குழந்தை தமிழில் 80க்கு மேல் மார்க் வாங்குகிறவள் என்று ஆசிரியர் சொன்னபோது, முன்னால் இருந்த இரண்டு பேர் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

பிறகு கேள்விகள். “உங்க வீட்டுல நரி பிடிப்பாங்களா பாட்டி?”

“எங்கப்பா பிடிச்சாரு சாமி. வயல்ல நரி வந்தா, வேர்க்கடலையைத் தின்னுடுதுன்னு ஊர்க்காரங்களே வந்து கூட்டிட்டுப் போவாங்க. அப்புறம் சட்டம் வந்துச்சு, வேட்டையாடக் கூடாதுன்னு. துப்பாக்கிய விட்டோம், ஊசியும் பாசியும் எடுத்தோம்.” 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை இவ்வளவு சுருக்கமாக நான் விளக்கக் கேட்டதில்லை. ஒரு சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத் தொழிலையே மாற்றிக்கொண்ட குடும்பம் அது.

அடுத்து ஒரு பையன் கொஞ்சம் கூச்சத்தோடு எழுந்தான். “உங்க வீட்டுல ஏன் எல்லாரையும் சாமின்னு கூப்பிடறீங்க?” வகுப்பு அமைதியாகிவிட்டது. “சாமியோவ்” என்று குரல் கொடுத்தவர்கள் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

பாட்டி கோத்துக்கொண்டிருந்த நரம்பை மடியில் வைத்தார். “நாங்க ஊரு ஊரா போறவங்க கண்ணு. உங்க ஊருக்கு வர்றோம். உங்க பேரு எங்களுக்குத் தெரியாது. பேரு தெரியாத ஆளை மரியாதையாக் கூப்பிட வேற என்ன வார்த்தை இருக்கு, நீயே சொல்லு.”

அவன் உட்காரவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, “உங்க பேரு என்ன பாட்டி?” என்று கேட்டான்.

அவர் சொன்னார். அதுவரை என் கட்டில் அவர் ‘மனுதாரரின் தாயார்’ என்றுதான் இருந்தார். நானும் கேட்டிருக்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்த 1,500 ரூபாய் கடைசிவரை கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால்தான் அவள் நிரபராதி என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களும் இருந்தார்கள். இரண்டு பெற்றோர் தங்கள் பிள்ளைகளை வேறு பிரிவுக்கு மாற்றிக்கொண்டார்கள். வகுப்பு ஆசிரியை அன்று வகுப்பு முடிந்து கேட் வரை என்னோடு நடந்து வந்தார். “நான் வளர்ந்த ஊர்ல இவங்க வந்தா வாசக் கதவைச் சாத்திடுவாங்க மேடம். அது தப்புன்னு எங்க வீட்டுலயும் யாரும் சொல்லல, பி.எட்.லயும் யாரும் சொல்லல” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. என் டிராயர் கதையை அவரிடம் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொல்லாதது. அவர் மேல் வழக்குப் போட்டு ஜெயித்திருந்தால் இந்த இரண்டு பேச்சும் நடந்திருக்காது.

சில ஆண்டுகள் கழித்து, 2022 மார்ச்சில், ஆவடி நரிக்குறவர் குடியிருப்பைச் சேர்ந்த மாணவிகள் பள்ளியிலும் வெளியிலும் தாங்கள் ஒதுக்கப்படுவதைப் பற்றிப் பேசிய காணொளி தமிழ்நாடு முழுக்கப் பரவியது. ஏப்ரல் 15 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அங்கே நேரில் வந்து ஒரு மாணவியின் வீட்டில் சாப்பிட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தை நிறைவேற்றி, 2023 ஜனவரியில் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகம் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தது. இன்று அதே கடிதத்தோடு ஒரு தகப்பன் வந்தால், அன்று எனக்கு மூடியிருந்த கதவு திறந்திருக்கும். மனம் நிறைந்து சொல்கிறேன், அது பெரிய விஷயம். ஆனால் “பக்கத்துல யாராச்சும் உக்காரணும்” என்ற வாக்கியத்துக்கு இன்றைக்கும் அந்த ஒரு பீரியட்தான் வழி.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2018 மே மாதம், வடநாட்டுக் கும்பல் பிள்ளை பிடிக்க வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடிப்போன சென்னை மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதற்காக அடித்துக் கொல்லப்பட்டார். எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டிலும் அதே வாரத்தில் ஓர் உயிர் போனது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவி, தொழிலாளர்கள் பலர் பயந்து ஊருக்கு ரயிலேறினார்கள். தமிழர்களைப் பற்றி அங்கே யாரோ நம்பியதும், வடக்கத்தியரைப் பற்றி இங்கே யாரோ நம்பியதும் ஒரே விதமான தீர்ப்புதான். கோர்ட்டில் நாங்கள் ‘மறுதரப்பையும் கேள்’ என்போம். இயற்கை நீதியின் அடிப்படை அது. அடுத்தவர் வாழ்க்கையைப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவது என்பதும் அதுதான், மறுதரப்பைக் கேட்கப் பழக்குவது. அந்தப் பழக்கம் பன்னிரண்டு வயதில் வராவிட்டால் முப்பது வயதில் கையில் செல்போனோடு வருவது கஷ்டம்.

ஆசிரியர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த ஆண்டு விழாவில் ஒரு சமூகத்தை வேடமாகப் போடும் போட்டியை நிறுத்துங்கள். அந்த நேரத்தை வீட்டுப் பெரியவர்களுக்குக் கொடுங்கள், எல்லா வீட்டுப் பெரியவர்களுக்கும். பிள்ளைகள் கேட்கட்டும், ‘உங்க வீட்டுல’ என்று ஆரம்பித்து.

அவள் பத்தாம் வகுப்பு முடித்ததும் மதிப்பெண் சான்றிதழ் நகலில் அட்டெஸ்டேஷன் வாங்க ஆபீஸுக்கு வந்தாள். அதற்குக் கெசட்டட் அதிகாரியின் கையெழுத்து வேண்டும், வக்கீல் கையெழுத்து செல்லாது என்றேன். “தெரியும் மேடம். உங்ககிட்ட காட்டணும்னு வந்தேன்” என்றாள். கூட ஒரு தோழி வந்திருந்தாள். ஏழாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச் என்றாள் அந்தத் தோழி. சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். மேலே அவள் பெயர் அச்சாகியிருந்தது. மார்க்குக்கு வருவதற்கு முன் அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்தேன்.

அதை இங்கே எழுத எனக்கு ஆசைதான். பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரை வெளியிடக் கூடாது என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 74. அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறேன். அந்த வகுப்பில் படித்த எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரியும்.